தலையில்லாப் பெட்டியும் பெரிய வெள்ளியும்

போன வாரம் ஜஸ்டினை எங்கே விட்டோம்? சவேரியார்பட்டி வீட்டு நடுக்கூடத்தில், பீடத்துக்குக் கீழே, தலையில்லாத ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார வைத்துவிட்டுப் போனோம். மறந்தவர்களுக்கும், இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்களுக்கும் நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டி அவன் பாலிடெக்னிக் படித்த காலத்தில் வாங்கியது. மானிட்டர் ஒரு இடியில் போய்விட்டது. மிச்சம் கொல்லையில் கிடந்தது. பக்கத் தகடு கழன்ற ஓட்டைக்குள் ஒரு கோழி புகுந்து, முட்டையிட்டு, குஞ்சும் பொரித்துவிட்டது. இந்த 2009 பொங்கலுக்கு, சென்னைக் கம்பெனி ஆள்குறைப்பில் வேலை போய் ஊருக்கு வந்த ஜஸ்டின், கோழியைக் கெஞ்சி எழுப்பிவிட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் எச்சத்தைச் சுரண்டி, மெமரி கார்டின் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, சுவிட்சைப் போட்டான். ஓடியது ஐயா, ஓடியது!

இப்போது அதற்குத் திரையும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். போன் லைனில் வரும் பிராட்பேண்டைப் பிடித்துக்கொண்டு ராப்பகலாக விழித்திருக்கும். குவைத்தில் நர்ஸாக இருக்கும் அவன் அக்கா மெர்லின், கடல் தாண்டி இந்தப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு படத்தை வைக்கலாம், ஒரு பாட்டை எடுக்கலாம். சர்வர் என்று அவன் பெயர் சொன்னான். “தலையில்லாப் பெட்டி” என்று அம்மா செபஸ்தியம்மாள் பெயர் வைத்தாள். வீட்டில் நிலைத்தது அம்மா வைத்த பெயர்தான்.

மெர்லின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆண்டிபட்டி விஜயகுமாரை, அதுவும் கோயிலில் அல்ல, ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். “இனி அவ பேர இந்த நாக்கு சொல்லாது” என்றார் அப்பா அமிர்தராஜ். போன வருஷக் கடைசியில் தொண்டையில் ஆபரேஷன். உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களால் குரலைக் காப்பாற்ற முடியவில்லை. பேரைச் சொல்ல மாட்டேன் என்றவரால் இப்போது எந்தப் பேரையும் சொல்ல முடியாது. சாபம் பலித்தது என்று நாலு பேர் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் அவருக்குக் குரல் போனதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. பெரிய வெள்ளியன்று, ஏசு சிலுவையில் உயிர்விட்ட மூன்று மணிக்கு, கோயிலில் மாதா புலம்பல் பாடுவது அவர் வீட்டு முறை. பாடுகிறவர் தோளில் ஒரு கறுப்புத் துண்டு. அந்த வீட்டில் பாட ஆள் இல்லையென்றால், துண்டைக் கோயில் பீடத்தின் படியில் இறக்கி வைத்துவிட வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். இறக்கிய துண்டு திரும்பி வந்ததாகச் சவேரியார்பட்டியில் சரித்திரமே கிடையாது.

ஜஸ்டினுக்கோ பாட்டு என்றால் காத தூரம். அவன் வாயைத் திறந்தால் பாடகர் குழுவே வேண்டாம் என்று கும்பிடும். அக்காவுக்கு இருக்கிறது அப்பாவின் குரல், அச்சாக. பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவன் ஒரு மாதமாக அவளிடம் கெஞ்சினான். “அப்பா கேக்கட்டும், பாடுறேன்” என்றாள். கேட்க அவருக்குக் குரலும் இல்லை, மனசும் இல்லை. கடைசியில் பெரிய வியாழன் சாயங்காலம், இவன் பூசைக்குக் கிளம்பும்போது செல்லில் ஒரு சேதி வந்தது. ‘பாடிட்டேன்டா. ராத்திரி வீட்டுப் பெட்டிக்கு அனுப்புறேன். காலைல எடுத்துக்கோ.’

எடுத்துக்கொள்ளலாம் என்று, கோயிலில் விடிய விடிய ஆராதனை இருந்த களைப்பில் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எழுந்து கூடத்துக்கு வந்தான்.

பெட்டியிடம் சத்தமே இல்லை. மேலே ஊதாத் துணி போர்த்தியிருந்தது.

“அம்மா! பெட்டிய யாரு அமத்துனது?”

“நாந்தேன்.” அடுக்களையிலிருந்து கஞ்சிக் கரண்டியோடு வந்தாள் செபஸ்தியம்மாள். “ஆண்டவரு சிலுவையில கெடக்காக. இது பாட்டுக்கு உய்ங்னு கத்திக்கிட்டு இருக்கு. அதான் நேத்து பூசை முடிஞ்சு வந்ததும் புடுங்கிப் போட்டேன்.”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து ஓய்ந்தால், ஈஸ்டர் ராத்திரிப் பாஸ்காப் பூசையில்தான் அடுத்த மணி. நடுவில் மரக்கட்டையைத் தட்டித்தான் கோயிலுக்கு ஆள் கூப்பிடுவார்கள். கோயிலில் மணி இல்லையென்றால் அவள் வீட்டில் மிக்ஸி இல்லை, டிவி இல்லை, செல்போன்கள் எல்லாம் அலமாரிக்குள். லேண்ட்லைன் அடித்தாலும் எடுக்கக்கூடாது. வீட்டுப் பீடத்துச் சாமி சுரூபங்களுக்கெல்லாம் துக்கத்துக்கு ஊதாத் துணி போட்டதில் ஒரு முழம் மிஞ்சியிருக்கிறது. கீழே பெட்டி இருந்தது. அதற்கும் போர்த்திவிட்டாள்.

ஜஸ்டின் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். மெர்லின் இந்நேரம் டியூட்டிக்குப் போயிருப்பாள். கூப்பிட முடியாது. பிரவுசிங் சென்டர் பூட்டிக் கிடக்கும்.

“அம்மா, இத இப்பப் போடணும்.”

“போட்ட, கைய ஒடிப்பேன். நாளன்னைக்குப் போடு.”

“மூணு மணிக்குள்ள ஒண்ணு வரணும்மா.”

“என்ன பெரிய இது? வேலைக்கு ஆர்டரா? நாளைக்கு எடுத்தா வேணாம்னுருவானா?”

“அக்கா பாட்டு.”

கரண்டி அப்படியே நின்றது.

“எந்தப் பாட்டுலே?” குரல் இறங்கிவிட்டது.

“மாதா புலம்பல்.”

செபஸ்தியம்மாள் ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தாள். அங்கே அமிர்தராஜ் கறுப்புத் துண்டை வெயிலில் உதறிக்கொண்டிருந்தார். கழுத்தில் அந்த வெள்ளைத் துணிக் கட்டு. துண்டை நாலாக மடித்தார், சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். கொடுக்கப் போகிற சாமானை அத்தனை அழகாக மடிக்கிற மனுஷனைப் பார்த்தபடியே அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வந்தா, அவுக கேப்பாகளா?”

“தெரியலம்மா. ஆனா துண்ட எறக்கி வச்சதுக்கப்பறம் வந்து என்னத்துக்கு?”

அவள் பெட்டிக்கு வழிவிட்டு ஒரு அடி விலகி நின்றாள். ஜஸ்டின் அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு, ஊதாத் துணியை விலக்கி, பிளக்கைச் செருகினான்.

காற்றாடி சுழன்றது. உள்ளேயிருந்து பழைய ஹார்ட் டிஸ்க் எழுந்தது. கட்... கட்... கட்கட்.

செபஸ்தியம்மாள் காதைச் சாய்த்தாள். “ஏலே, இது என்ன சத்தம்?”

“டிஸ்க் பழசும்மா. ஆரம்பத்துல அப்பிடித்தான் தட்டும்.”

“மரக்கட்ட தட்டுற மாதிரில்ல இருக்கு!” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். “மணிதான் அடிக்கக்கூடாது. கட்ட தட்டலாம். தட்டட்டும்.”

ஊதாத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ரோமாபுரியில் கேட்டிருந்தால்கூட இத்தனை சீக்கிரம் அனுமதி கிடைத்திருக்காது.

ஜஸ்டின் தன் பழைய லேப்டாப்பில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பிராட்பேண்ட் மோடத்தில் விளக்கு ஒவ்வொன்றாக ஏறியது. இன்னும் ஒன்றும் இல்லை. அவன் நகத்தைக் கடித்து முடிக்குமுன், பெட்டியின் நெற்றியில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு துடிக்க ஆரம்பித்தது.

“வருதும்மா! வருது!”

“யாரு அனுப்புறா? அவதான் டியூட்டிக்குப் போயிட்டான்னியே?”

“யாருமே இல்லம்மா. மச்சானும் வேலைக்குப் போயிருப்பாரு. அவுக ரூம் பூட்டிக் கெடக்கு. அவ கம்ப்யூட்டரு மட்டும் முழிச்சிருக்கு. நேத்து ராத்திரிலருந்து நம்ம வீட்டுக் கதவ தட்டித் தட்டிப் பாத்துருக்கு. தொறக்கலன்னதும், செத்த நேரம் இருந்து திரும்பத் தட்டிருக்கு. இப்பத்தான் நாம தொறந்தோம்.”

“ராத்திரி பூராவுமா?”

“ராத்திரி பூராவும்.”

செபஸ்தியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூட்டிய அறை, ஆளில்லாத மேசை, அதிலிருந்து ஒன்று பாலைவனம் தாண்டி, கடல் தாண்டி, கம்பம் பள்ளத்தாக்கில் கோழி அடைகாத்த ஒரு தகரப் பெட்டியைத் தேடி வந்து தட்டியிருக்கிறது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேனே, மாதாவே!

“ஆத்தா, எம்மக கதவத் தட்டிருக்கா. நான் தொறக்காம இருந்துருக்கேனே” என்று வாய்விட்டே அழுதாள்.

அழுது முடிக்கவும் மின்சார வாரியம் தன் வேலையைக் காட்டவும் சரியாக இருந்தது. உச்சிவெயில் நேரத்து தினசரி பவர்கட். விளக்கு அணைந்தது, காற்றாடி நின்றது. பாட்டில் பாதிதான் வந்திருந்தது.

பிறகு அந்த வீட்டில் நடந்ததை எழுத ஒன்றுமில்லை. கஞ்சி ஆறியது. ஜஸ்டின் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான். அமிர்தராஜ் வெள்ளை வேட்டி கட்டி, மடித்த துண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். மகனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மனைவியின் சிவந்த கண்ணைப் பார்த்தார். துண்டுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் தோளை ஒருமுறை தட்டிவிட்டு, கோயிலைப் பார்த்து நடந்தார்.

அவர் தெரு முனை திரும்பிய பிறகுதான் கரண்ட் வந்தது. ஜஸ்டின் வாசலில் நின்றான். கூடத்தில் செபஸ்தியம்மாள் மட்டும். அவள் கண்ணெதிரே பெட்டி தானாக மூச்சு விட்டது. கட்... கட்... கட்கட்.

“ஏலே, ஓடியா! நான் தொடலடா! சேசுவே, நான் தொடவே இல்ல, தானா எந்திரிச்சிருச்சு!”

“அப்பிடிச் சொல்லி வச்சிருக்கேம்மா. கரண்டு வந்தா எந்திரின்னு.”

“அவ பெட்டிக்கு நம்ம பெட்டி முழிச்சது எப்பிடித் தெரியும்?”

“ஒவ்வொரு தடவை எந்திரிக்கிறப்பவும் நம்ம வீட்டு இன்டர்நெட் நம்பரு மாறிரும். நம்ம பெட்டியே போயி, இப்ப நான் இங்கன இருக்கேன்னு ஒரு எடத்துல பதிஞ்சிட்டு வந்துரும். அக்கா பெட்டி அங்கன பாத்துட்டுத் தேடி வரும். பாரு, வந்துருச்சு.”

சிவப்பு விளக்கு துடித்தது.

“திரும்ப மொதல்லருந்தா?”

“இல்லம்மா. விட்ட எடத்துலருந்து.”

“விட்ட எடத்துலருந்தா?” செபஸ்தியம்மாள் அந்தத் தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. “மனுசருக்கும் அப்பிடி ஒட்டுமாடா?”

கோயில் பக்கமிருந்து மரக்கட்டைச் சத்தம் கேட்டது. இங்கே பாட்டு வந்து முடிந்தது. ஜஸ்டின் அதை லேப்டாப்பில் ஏற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். பின்னாலேயே, செருப்புப் போட மறந்து, செபஸ்தியம்மாள்.

கோயில் நிறைந்திருந்தது. பீடம் வெறுமையாக இருந்தது. அமிர்தராஜ் துண்டை ஏந்தியபடி நடு வழியில் மெல்லப் போய்க்கொண்டிருந்தார். முன்வரிசையில் அடுத்த வீட்டுச் சவரிமுத்து, எடுத்துக்கொள்ளவும் கூச்சம், விடவும் மனசில்லை என்று நெளிந்துகொண்டிருந்தார். ஜஸ்டின் ஓரமாகப் பாய்ந்து மைக் செட்காரரிடம் வயரைக் கொடுத்தான். பங்குச் சாமியார் அமிர்தராஜை நோக்கி, பொறுங்கள் என்பதுபோலக் கை காட்டினார்.

ஒலிபெருக்கியில் முதலில் ஒரு ஏசி இரைச்சல். அப்புறம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு முறை.

கோயிலே நிமிர்ந்தது. அமிர்தராஜ் பாடுமுன் அப்படித்தான் இரண்டு முறை செருமுவார். அந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். சிலர் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் வாய் மூடியிருந்தது.

“தொட்டில் ஆடையில தூங்குன எம்மகனே,
முள்ளு முடியோட எங்கன தல சாய்ப்ப?”

மெர்லின்!

என்ன குரல் அது! அப்பாவின் அதே இழுப்பு, அதே இடத்தில் உடையும் அதே உடைவு. ஆனால் இவ்வளவு காலமும் ஒரு ஆண் பாடிக் கேட்ட தாயின் புலம்பலை, அன்றைக்குத்தான் அந்த ஊர் ஒரு பெண் பாடிக் கேட்டது. பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. ஆண்கள் பக்கமும் துண்டுகள் சும்மா இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதுபோல இருந்தது. இப்படியும் நடக்குமா என்று எல்லோரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள்.

அமிர்தராஜ் நடுவழியில் நின்றுவிட்டார். திரும்பினார். மகனை நோக்கி நடந்தார். வயரைப் பிடுங்கப் போகிறார் என்று அவன் நினைத்தான், செபஸ்தியம்மாளும் நினைத்தாள், மைக் செட்காரர் இரண்டு அடி பின்னால் போனார்.

ஒலிபெருக்கிக்குக் கீழே வந்து நின்றார். முதல் அடி முடிந்தது. இந்த இடத்தில் பாடுகிறவர் கை காட்ட, சனங்கள் பதில் சொல்ல வேண்டும். கை காட்ட ஆளில்லாமல் ஊமையாக இருந்தார்கள்.

அமிர்தராஜ் துண்டை உதறினார். தன் தோளில் போட்டுக்கொண்டார். வலது கையை உயர்த்தினார்.

“அம்மா, ஆறுதல் அடையும் அம்மா!” என்று கோயிலே அதிர்ந்தது.

அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் மகள் பாட, அப்பா கை உயர்த்த, ஊர் பதில் சொன்னது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும், பாட்டோடு பாட்டாக ஒரு கைக்குழந்தை ‘ங்கா’ என்றது. யார் வீட்டுப் பிள்ளை இது என்று செபஸ்தியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் கைக்குழந்தைக்காரி யாரும் இல்லை. பாட்டில் லயித்து அதை அப்போதே மறந்தும் போனாள்.

துண்டு அமிர்தராஜின் தோளிலேயே வீடு திரும்பியது. வழியில் சவரிமுத்துதான் அவர் கையை முதலில் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் வேட்டிகூட மாற்றவில்லை. நேராகத் தலையில்லாப் பெட்டிக்கு முன்னால் போய்ச் சம்மணமிட்டார். கோழி அடைகாத்த பெட்டி என்று கைச்சாடையிலேயே கேலி செய்து கொல்லைக்கே தூக்கிப் போடச் சொன்னவர் அவர்தான். அதன் பின்னால் எட்டிப் பார்த்தார். வயரைத் தடவினார். பிறகு விரலை மடக்கி, தகரத்தில் தட்டினார். டொக், டொக்.

நிமிர்ந்து மகனைப் பார்த்துக் கையால் கேட்டார். அங்கே கேட்குமா?

“இல்லப்பா, இந்தப் பெட்டிக்குக் காது...”

“கேக்கும்னு சொல்லுலே!” என்றாள் செபஸ்தியம்மாள்.

ஜஸ்டின் லேப்டாப் மைக்கைத் தகரத்தின் மேல் வைத்தான். “இப்பத் தட்டுங்கப்பா. பெட்டிக்குள்ள போட்டு வைக்கிறேன். அவ பெட்டி அடுத்து கதவத் தட்டுறப்ப, தானா எடுத்துட்டுப் போயிரும்.”

அமிர்தராஜ் மறுபடி தட்டினார். டொக், டொக். சிவப்பு விளக்கு ஒருமுறை துடித்து நின்றது. கடல் தாண்டிப் போய்விட்டது. மூன்று பேரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பொழுது சாய்ந்தது.

அப்போது லேண்ட்லைன் அடித்தது.

பெரிய வெள்ளியில் இந்த வீட்டில் போன் எடுக்கமாட்டார்கள் என்று தெரியாத யாரோ அல்ல. தெரிந்தவள்தான் அடிக்கிறாள். ஜஸ்டின் அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அமிர்தராஜ் எழுந்துபோய், குரலில்லாத மனுஷன், ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

“அப்பா?” கூடம் வரைக்கும் கேட்டது.

அவர் உதடு திறந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு இறங்கியது. மெர்லின். எந்த நாக்கு சொல்லாது என்று சொன்னாரோ அந்த நாக்குச் சொல்லிவிட்டது. சத்தம்தான் வரவில்லை. விரலை மடக்கி ரிசீவரில் தட்டினார். டொக், டொக்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. டொக், டொக்.

செபஸ்தியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். மெர்லின் அழுதுகொண்டே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அமிர்தராஜ் கேட்டார். தலையாட்டினார். நெற்றி சுருங்கியது, விரிந்தது. சட்டென்று சுவர்க் காலண்டரை இழுத்து, மே மாதத்தைப் புரட்டி ஒரு தேதியில் விரலை வைத்தார்.

“வாராளா?” செபஸ்தியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “ஏங்க, ஒத்தையிலயா வாரா? மாப்பிள்ளையும் சேந்தா?”

அவர் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. காலண்டரிலிருந்து கையை எடுத்து அவளுக்கு விரல் காட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

“மூணா?” என்றாள் செபஸ்தியம்மாள். அப்போதுதான் அவளுக்குக் கோயிலில் கேட்ட அந்த ‘ங்கா’ ஞாபகம் வந்தது.